தூக்கா, ஆயுளா?

‘அரிதிலும் அரிதான’ வழக்குக்கு மட்டுமே தூக்கு என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பறிகொடுத்த வீட்டாரின் கோபம் நியாயமானது. தூக்கு அதற்குப் பதில் சொல்லும், சரி. ஆனால் தீர்ப்பு தப்பென்றால் திருத்த வழியில்லை.

ஆயுள் என்றால் 14 வருஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது ஆயுள் முழுக்கத்தான். கொலை வழக்கில் பொதுவாக 14 வருஷம் கழிந்த பிறகே தண்டனைக் குறைப்பு பற்றிய பேச்சு வரும். அதுவும் உரிமையாகக் கிடைப்பதல்ல.

நான் ஆயுள் பக்கம்தான். ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளனுக்கு 2011 செப்டம்பர் 9 என்று தூக்குத் தேதியே குறித்தாயிற்று; சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. பேரறிவாளன் சொன்னதை அப்படியே எழுதவில்லை என்று வாக்குமூலம் பதிந்த அதிகாரி வெளியே சொன்னது 2013-இல்.