சேற்றுக் கோட்டுக்குக் கீழே: மூதூர், வெருகல் பக்க வீடுகளுக்கு ஹாட்வெயாரில் எதை வாங்கலாம், எதை விடலாம்

வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு நிற்கும். சுவரைக் கழுவ முதல் அந்தக் கோட்டை அளந்து, கதவு நிலையில் ஆணியால் கீறி வையுங்கள். கோட்டுக்கு ஓரடி மேல் வரைக்கும் வாங்கும் சாமான் ஒரு வகை, அதற்கு மேலே வாங்குவது வேறு வகை. மேலே எதைப் பூசினாலும் எதை மாட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த மதிப்பீடு முழுக்கக் கீழ்ப்பகுதிக்குத்தான்.

திருகோணமலை நகருக்குள் கான் நிரம்பி வீட்டுக்குள் வரும் தண்ணீர் மழை விட்டதும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மகாவலித் தண்ணீர் அப்படியல்ல. 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் விழும் ஆறு இது. மலைநாட்டில் பெய்த மழை இங்கே வானம் வெளித்த பிறகும் வந்துகொண்டிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது மூதூர், சேருவில, வெருகல் பக்கம் கண்டது அதைத்தான்: நாட்கணக்கில் நிற்கும், சேறு கரைந்த தண்ணீர். 2011 சனவரியில் வந்து, பெப்ரவரியில் திரும்பவும் வந்ததை மறந்தவர்களும் இருக்கமாட்டார்கள். ஆகவே இங்கே ஒரு சாமானிடம் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீரை மறிக்குமா என்பதல்ல. நனைந்தால் கழுவ முடியுமா, எத்தனை நாளில் காயும்?

முதலில் எல்லோரும் கேட்டு வாங்குகிற சாமான்: நீர்த்தடுப்புப் பூச்சு. சீமெந்துத் தூள் ஒரு பை, பால் போன்ற திரவம் ஒரு கேன், இரண்டையும் கலந்து பிரஷ்ஷால் இரண்டு கை அடிப்பது. தண்ணீர்த் தொட்டி, குளியலறை, மொட்டை மாடிக்கு இது அருமையான பொருள். அத்திவாரப் பீமுக்கு மேலே, முதல் வரிக் கல் வைக்க முன்னர் அடித்தால் நிலத்து ஈரம் ஏறுவதையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு இது விற்கப்படுவது வெளிச்சுவரில் மூன்றடிக்கு அடிக்கத்தான். அங்கேதான் காசு வீண்.

காரணம் இரண்டு. எங்கள் மண் மணல். சுவரை எவ்வளவு அடைத்தாலும் தண்ணீர் நிலத்தால் ஊறி, சீமெந்துத் தரை வெடிப்பாலும் மலசலகூடக் கோப்பையாலும் உள்ளே வரும். வந்த தண்ணீர் சுவருக்குள் ஏறும், வெளிப்பக்கம் பூச்சு இருப்பதால் அந்தப் பக்கமாகக் காயாது. மூன்றடிக்கு மேலே, பூச்சு முடிகிற இடத்தில், நூல் பிடித்ததுபோல உப்புப் பூக்கும். பெயின்ட் கொப்பளிக்கும். ஹாட்வெயார்க்காரர் அதற்கும் ஒரு பூச்சு வைத்திருப்பார்.

இரண்டாவது காரணம் இதைவிட மோசமானது. பூச்சும் வாசல் பலகையும் மண் மூட்டையும் உண்மையாகவே வேலை செய்து உள்ளே காய்ந்திருக்கிறது என்று வையுங்கள். வெளியே இரண்டடித் தண்ணீர் நின்றால் பத்தடி நீளச் சுவரை அரைத் தொன்னுக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளும். மூன்றடி என்றால் ஏறத்தாழ ஒன்றேகால் தொன். உயரம் ஒன்றரை மடங்கு ஏற, தள்ளுகை இரண்டேகால் மடங்கு ஏறுகிறது. கம்பி போடாத நாலங்குல புளொக் சுவர் அதற்குக் கட்டப்பட்டதல்ல. இரண்டடி வரை மறிக்கலாம். அதற்கு மேல் வருகிறதென்றால் கதவைத் திறந்து விடுவதுதான் சுவருக்கு நல்லது.

பூச்சுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பத்து மில்லிமீற்றர் கொங்கிரீட் துறப்பணம் வாங்குங்கள். சுவர் பொந்துள்ள ஆறங்குல புளொக் என்றால், தண்ணீர் வடிந்த பிறகும் கல்லின் பொந்துக்குள் தண்ணீர் நிற்கும். கீழ் வரிக் கல்லில், வீட்டின் உட்பக்கமாக, தரையிலிருந்து இரண்டங்குலம் உயரத்தில் எட்டங்குலத்துக்கு ஒரு துளை போட்டால் ஒவ்வொரு பொந்துக்கும் ஒன்று கிடைக்கும். பக்கத்தில் ஓடும் கரண்ட் வயரை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். துறப்பணத்தை இழுத்ததும் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு வழியும். பிறகு சொட்டுச் சொட்டாக இரண்டொரு நாளுக்கு வரும். அதைப் பார்த்த பிறகு சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்க யாருக்கும் மனம் வராது. காய்ந்த பின் துளையை அடைக்கத்தான் வேண்டுமென்றில்லை, எறும்பு வராமல் வலைத்துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் அடுத்த மாரிக்கும் உதவும்.

சாந்துக்கு வருவோம். சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். டொக் என்று வெறுஞ்சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுக்க வேண்டியவை. திரும்பப் பூச மேசன்மார் வழக்கமாகச் சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்பார்கள். கோட்டுக்குக் கீழே எங்கள் தெரிவு சீமெந்து ஒன்று, நீறிய சுண்ணாம்புத் தூள் ஒன்று, மணல் ஆறு. ஐம்பது கிலோ சீமெந்துப் பை ஏறத்தாழ 35 லீற்றர். அந்த அளவுக்குச் சுண்ணாம்பு 35, மணல் 210 லீற்றர். அரை அங்குலத் தடிப்பில் 130 சதுர அடிக்குக் குறையாமல் போகும். சுண்ணாம்பு கலந்த சாந்து ஈரத்தை வெளியே விடும், வெடிப்பும் குறைவு. மேசன் முகம் சுளிப்பார், இறுக நேரம் எடுக்கும் என்பார். அது உண்மைதான், ஆறவிடுங்கள். மணல் மட்டும் கடற்கரை மணலாக இருக்கக்கூடாது. வாயில் வைத்து உப்புக் கரித்தால் லோட்டைத் திருப்பி அனுப்புங்கள். பிறகு எந்தப் பெயின்டும் அந்தச் சுவரில் நிற்காது.

பெயின்ட்: கோட்டுக்குக் கீழே எனாமல் வேண்டவே வேண்டாம். கழுவலாம் என்று சொல்லி விற்பார்கள், ஆனால் ஈரத்தைப் பூட்டிவைக்கும். ஜிப்சம் புட்டியும் அப்படியே, நனைந்தால் மாவாகிவிடும். சுண்ணாம்பு வெள்ளை அல்லது சீமெந்துப் பெயின்ட் போதும். பார்வைக்குக் குறைவு, காசும் குறைவு, ஒவ்வொரு வருடமும் நாமே அடித்துக்கொள்ளலாம். அடிக்க முன்னர் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. தைப்பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும் ஆசை புரிகிறது. மாரி முடியாத அந்த நேரத்தில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் சித்திரைக்கு முன் உரியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள்தான் இந்த வேலைக்குச் சரியான காலம். அதுவரை பொங்கலுக்கு நீற்றுச் சுண்ணாம்பு ஒரு கை.

கதவுகளில் பிளைவூட் ஒட்டுக் கதவும் மரநார் அழுத்திச் செய்த எம்டிஎப் கதவும் ஒரே வெள்ளத்தோடு சரி. ஓரம் பிளந்து புத்தகம்போல விரியும். பிளாஸ்டிக் கதவு, குறிப்பாக மலசலகூடத்துக்கு, நல்ல பேரம்தான். ஆனால் உள்ளே பொந்து. சேற்றுத் தண்ணீர் அடியால் புகுந்து நின்று நாறும். வாங்கிய அன்றே அடி ஓரத்தில் ஆறு மில்லிமீற்றரில் மூன்று துளை போடுங்கள், பிறகு ஹோஸ் பிடித்துக் கழுவலாம். கதவோடு தரும் ஆணிகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் துருப்பிடிக்காத இரும்பில் வாங்குங்கள். முதிரை, தேக்கு, பலா போன்ற தனி மரக் கதவு விலைதான், ஆனால் பல வெள்ளம் தாங்கும். அது உப்பியதும் தச்சனைக் கூப்பிட்டுச் சீவவேண்டாம். கழற்றி, மூன்று சட்டத்தின் மேல் கிடையாகப் போட்டு நிழலில் வையுங்கள். வெயிலில் போட்டால் முறுகும். உப்பியிருக்கும்போது சீவினால் வைகாசியில் கதவுக்கும் நிலைக்கும் இடையே விரல் நுழையும்.

நிலைக்கு வார்ப்புக் கொங்கிரீட் நிலை. இதில் வேறு பேச்சில்லை. மர நிலை ஏற்கெனவே இருந்து அடி மட்டும் உக்கியிருந்தால், அடியிலிருந்து ஆறங்குலத்தை அறுத்தெடுத்து, ஒரு கம்பி ஏற்றிக் கொங்கிரீட் பாதம் ஊற்றலாம். ஒரு நிலைக்கு அரை நாள் வேலை.

மெலமைன் பலகை பென்ட்ரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாங்காதீர்கள். கொங்கிரீட் தட்டும் அலுமினியக் கதவும் போடுங்கள்.

மின்சாரத்தில் சாமான் விலையைவிட அமைப்புத்தான் முக்கியம். பிளக் பொயின்ட்கள் கோட்டுக்கு ஓரடி மேலே, வயர் தரையிலிருந்து ஏறாமல் கூரையிலிருந்து இறங்க வேண்டும். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். நனைந்த வயர் குழாய்க்குள் சேறு தங்கும், வெளியே காய்ந்ததுபோல் தெரியும். வயரின் காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகரால் சோதித்து ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் காட்டினால்தான் இணைக்கச் சொல்லுங்கள். மெகர் இல்லாமல் வந்து 'ஓகே' சொல்கிற வயர்மேனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கிணறு இறைக்கும் சேவை சாமான் அல்ல, ஆனாலும் வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் காசு கொடுக்கும் வேலை. இரண்டங்குலப் பெற்றோல் பம்ப் போதும். ஐந்தடி விட்டம், ஆறடித் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 3,340 லீற்றர், பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிடும். பிழை நடப்பதும் அங்கேதான். சுற்றியுள்ள நிலம் இன்னும் ஊறியிருக்கும்போது ஒரேயடியாக அடிவரை இறைத்தால் மணல் இழுபட்டு வளையம் சரியும். நிலத்தடி நீர் இறங்கும்வரை காத்திருந்து, பாதி பாதியாக இறைக்கச் சொல்லுங்கள். உறிஞ்சும் உயரம் போதவில்லை என்று பம்பைக் கிணற்றுக்குள் இறக்குபவர் வந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். எஞ்சின் புகை கீழே தங்கி ஆளைக் கொல்லும்.

கிணற்றுக்குப் போடும் குளோரின் மருந்து கலங்கல் தண்ணீரில் வேலை செய்யாது, முதலில் தெளியவேண்டும். மேலே சொன்ன கிணற்றுக்கு 30 சதவீதக் குளோரின் உள்ள வெளிற்றும் தூள் ஏறத்தாழ 560 கிராம், 65 சதவீதம் உள்ள குளோரின் துகள் என்றால் 260 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். இரவு முழுக்க விட்டு, காலையில் மணம் போகுமட்டும் இறைத்துக் கொட்டுங்கள். அதன் பிறகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரைப் பார்க்கும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள். கடையில் திறந்து வைத்த தூளை வாங்காதீர்கள், அதன் காரம் காற்றோடு போயிருக்கும்.

தரையை உயர்த்துகிறவர்கள் வெறும் மணலை நிரப்பாமல் கிரவல் போட்டு, ஆறங்குலத்துக்கு ஒருதரம் நனைத்து இடித்து ஏற்றவேண்டும். பக்கத்து வளவுக்குத் தண்ணீரைத் தள்ளாதபடி மதிலடியில் வழியும் விடுங்கள். விடாவிட்டால் வழக்கு நிச்சயம்.

கடைசியாக ஒரு சின்னச் சாமான், எங்கள் கணிப்பில் பட்டியலிலேயே மலிவானதும் பயன் கூடியதும்: ஊசி கழற்றக்கூடிய பிணைச்சல். ஒரு கதவுக்கு மூன்று. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலோ பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கியிலோ ஆறு ஏறுகிறது என்று சொன்னதும், ஒரு ஆணியும் சுத்தியலும் இருந்தால் ஊசியை மேலே தட்டி எடுத்து, உள் கதவுகள் எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் கழற்றிப் பரண் மேல் ஏற்றிவிடலாம். ஊசிகளை ஒரு பையில் போட்டு முடிந்து, வீட்டுக் காகிதங்களோடு எடுத்துப் போங்கள்.