ப்ளூ-ரேயா, ஹெச்டி டிவிடியா? அடுத்த பிளேயர் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்

டிவிடிக்கு அடுத்து வந்து ஒன்றோடொன்று மோதிய டிஸ்க் வடிவங்கள் ப்ளூ-ரேயும் ஹெச்டி டிவிடியும். அதில் தோற்ற ஹெச்டி டிவிடி செத்துப்போய் இத்தனை வருஷம் ஆன பிறகு அதை ப்ளூ-ரேயுடன் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என்னிடம் இரண்டும் இருக்கின்றன, இரண்டையும் இன்னும் ஓட்டுகிறேன் என்பது ஒரு காரணம். பழைய பிளேயரும் ஒரு பெட்டி டிஸ்க்கும் சல்லிசாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். 2007-ல் நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தபோது நான் வாங்கியது ப்ளூ-ரே. அடுத்த வருஷம் கடைகள் ஹெச்டி டிவிடியைக் கழித்துக்கட்டியபோது அதிலும் ஒரு பிளேயரையும் கொஞ்சம் படங்களையும் அள்ளிக்கொண்டேன். இப்போது எல்லாம் கோவை வீட்டு அலமாரியில் இருக்கின்றன. நான் ப்ளூ-ரே பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குக் காரணம் படத்தின் தரம் இல்லை.

தரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுமே 12 சென்டிமீட்டர் டிஸ்க். இரண்டையும் படிப்பது 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல-ஊதா லேசர். இரண்டிலும் 1080p படம். ஹெச்டி டிவிடியில் ஓர் அடுக்குக்கு 15 ஜிபி, ப்ளூ-ரேயில் 25 ஜிபி. கணக்கில் இது பெரிய வித்தியாசம், திரையில் அவ்வளவு இல்லை. வார்னர் ஸ்டுடியோ மாதிரி இரண்டு வடிவத்திலும் வெளியிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே என்கோடைத்தான், அதாவது சுருக்கிய ஒரே படக்கோப்பைத்தான், இரண்டிலும் போட்டார்கள். 2006-ல் வந்த முதல் ப்ளூ-ரே டிஸ்க்குகள் சிலவற்றில் எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையையே வைத்திருந்ததால், ஆரம்பத்தில் ஹெச்டி டிவிடிதான் பார்க்க நன்றாக இருந்தது.

கட்டமைப்பில்தான் உண்மையான வித்தியாசம். ஹெச்டி டிவிடியில் தகவல் அடுக்கு, டிவிடியைப் போலவே, மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. அதனால் டிவிடி அச்சடித்த ஆலைகளைக் கொஞ்சம் மாற்றினாலே போதும். ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். அதிகத் தகவலை அடக்க முடிந்தது அதனால்தான். கீறல் தாங்க மேலே ஒரு கடினப் பூச்சு தேவைப்பட்டதும், புது இயந்திரங்களுக்குப் பணம் கொட்ட வேண்டியிருந்ததும் அதனால்தான்.

வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தால் ஹெச்டி டிவிடி நியாயமான சரக்கு. இதை மறைக்க மாட்டேன். 2006 ஏப்ரலில் தோஷிபாவின் முதல் பிளேயர் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. ஜூனில் வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். 2007 நவம்பரில் வால்மார்ட்டில் தோஷிபாவின் ஒரு மாடல் 100 டாலருக்கும் கீழே இறங்கியது. இணைய இணைப்புக்கான எதர்நெட் வசதி ஹெச்டி டிவிடியில் முதல் நாளிலிருந்தே எல்லா பிளேயரிலும் கட்டாயம். ப்ளூ-ரேயில் அந்த விதிமுறையே தவணை தவணையாக வந்தது. முதலில் ப்ரொஃபைல் 1.0, அப்புறம் 1.1, அதற்கப்புறம்தான் இணைய வசதியுள்ள 2.0. ஆயிரம் டாலர் கொடுத்து முதல் வரிசையில் நின்று வாங்கியவருக்குப் படம் ஓடியது, ஆனால் பின்னால் வந்த டிஸ்க்குகளின் கூடுதல் அம்சங்கள் பல ஓடவில்லை. பொருள் காலாவதியாவது தோற்ற பக்கத்துக்கு மட்டும் நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஜெயித்த பக்கத்தின் முதல் வாடிக்கையாளர்களுக்கும் அது நடந்தது, சத்தமில்லாமல்.

அப்புறம் ரீஜன் கோட், அதாவது ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு. ஹெச்டி டிவிடிப் படங்களுக்கு அது கிடையவே கிடையாது. அமெரிக்காவில் ப்ளூ-ரேயில் மட்டும் வந்த சில படங்கள் ஐரோப்பாவில் வேறு நிறுவனங்கள் வழியாக ஹெச்டி டிவிடியாக வந்தன. விவரம் தெரிந்தவர்கள் அங்கிருந்து தபாலில் வரவழைத்துப் பார்த்தார்கள். ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாக வெட்டியது. அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. அங்கே சம்பாதித்து, படம் சேர்த்து, ஊர் திரும்பும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நல்லவேளையாக எல்லா ஸ்டுடியோவும் பூட்டுப் போடவில்லை. வார்னர், பாரமவுண்ட், யுனிவர்சல் டிஸ்க்குகள் பெரும்பாலும் எங்கேயும் ஓடும். கிரைட்டீரியன் என்ற அமெரிக்க வெளியீட்டாளர் அங்கே விற்கும் ப்ளூ-ரே என்றால் ஏ பிளேயர் வேண்டும். என் சேகரிப்பில் பூட்டு விழுந்தவை சிறுபான்மைதான், ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்க நினைப்பவை அவையாகவே இருக்கின்றன!

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ப்ளூ-ரே என்றால், அதற்கு 2008-ஐப் பார்க்க வேண்டும்.

அந்த ஜனவரி 4-ஆம் தேதி, லாஸ் வேகாஸில் பெரிய மின்னணுக் கண்காட்சி தொடங்கவிருந்த நேரத்தில், இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று வார்னர் அறிவித்தது. ஹெச்டி டிவிடி அணி அங்கே நடத்தவிருந்த செய்தியாளர் கூட்டத்தையே ரத்து செய்தது. பிப்ரவரியில், அப்போது தபாலில் டிஸ்க் அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃப்ளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் கடைகள் என்று வரிசையாகக் கைவிட, 19-ஆம் தேதி தோஷிபா கடையைக் கட்டியது. அமெரிக்காவில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

வாங்கியவர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியாதவர்கள் கடைக்கு ஓடினார்கள். பெஸ்ட் பை தன்னிடம் பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்துச் சமாதானம் செய்தது. வார்னர் பின்னால் ஒரு திட்டம் கொண்டுவந்தது: தன் ஹெச்டி டிவிடிக்குப் பதிலாக அதே படத்தின் ப்ளூ-ரே, ஒன்றுக்கு 4.95 டாலரும் அனுப்பும் செலவும். என் அலுவலகத்தில் கோபப்பட்டவர்களைவிட, 'அதான் டிவிடி இருக்கே, எதுக்கு இந்த வம்பு' என்று இரண்டையும் வாங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம். என்னைப் போலச் சிலர் தள்ளுபடித் தொட்டியைக் கிளறினோம். எக்ஸ்பாக்ஸ் 360-க்கென்று 199 டாலருக்கு வந்த வெளிப்புற ஹெச்டி டிவிடி டிரைவ் கடைசியில் 50 டாலருக்கு வந்து நின்றது. தோஷிபாவே அடுத்த வருஷம் ப்ளூ-ரே சங்கத்தில் சேர்ந்து ப்ளூ-ரே பிளேயர் விற்க ஆரம்பித்துவிட்டது.

இதைவிட மோசமான சாவும் உண்டு. 1998-ல் சர்க்யூட் சிட்டி என்ற அமெரிக்கக் கடை டிவ்எக்ஸ் (DIVX) என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாலரை டாலருக்கு டிஸ்க் வாங்கினால், பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம் ஓடும். அதற்கு மேல் வேண்டுமானால் மறுபடி காசு. பிளேயர் தொலைபேசி வழியே தலைமையகத்துக்குக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு வருஷத்தில் அது படுத்தது. 2001-ல் அந்தச் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க்குகளைப் பார்க்க வழியே இல்லாமல் போனது. ஹெச்டி டிவிடி அப்படி இல்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், கையில் ஓடும் பிளேயர் இருக்கும்வரை ஓடும். அந்த 'இருக்கும்வரை'தான் சிக்கல்.

ஒரு டிஸ்க்கை வாங்கும்போது நாம் பாதிப் பொருளைத்தான் வாங்குகிறோம். மீதிப் பாதி பிளேயர். டிஸ்க்கில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. பிளேயரிலோ சுழலும் மோட்டார், நகரும் தட்டு, காலப்போக்கில் மங்கும் லேசர், காய்ந்துபோகும் கெப்பாசிட்டர் என்று எல்லாமே கெடக்கூடியவை. ஆக, ஒரு வடிவத்தை மதிப்பிட நான் கேட்கும் முக்கியமான கேள்வி, இந்த பிளேயர் செத்தால் அடுத்தது எங்கே கிடைக்கும் என்பதுதான்.

டிவிடிக்கு இது கேள்வியே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் டிவிடி லென்ஸ் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். ஹெச்டி டிவிடி லென்ஸ் என்று கேட்டுப் பாருங்கள், அப்படி ஒன்று இருந்ததா என்பார்கள். 2008-க்குப் பிறகு யாரும் அந்த பிளேயரைச் செய்யவில்லை. உலகம் முழுக்க விற்றது சுமார் 10 லட்சம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள், அதில் இந்தியாவுக்கு வந்தது பெரும்பாலும் நம் போன்றவர்களின் பெட்டிகளில்தான். உதிரி பாகம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய பிளேயரை அறுக்க வேண்டும். முதல் மாடலைத் திறந்தால் உள்ளே பென்டியம் 4 சிப்போடு ஒரு கம்ப்யூட்டரே உட்கார்ந்திருக்கும். டிஸ்க்கைப் போட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட்டில் ஓடுபவை, நம் ஊரில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. ஹெச்டி டிவிடிக்கு ரீஜன் இல்லை என்றேன் அல்லவா? அதே பிளேயர் சாதாரண டிவிடிக்கு ரீஜன் பார்க்கும். ரீஜன் 1 என்றோ எல்லா ரீஜனும் என்றோ இருந்தால்தான் ஓட்டும். எல்லா ரீஜனிலும் ஓடுகிற, என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் வந்த தமிழ்ப் பட டிவிடிகளை அது ரொம்ப நன்றாகக் காட்டுகிறது. என் வீட்டில் அதற்கு இன்று அதுதான் முக்கிய வேலை.

ஹெச்டி டிவிடிக்கு மீதமிருக்கும் நல்ல வழி கம்ப்யூட்டர்தான். அந்த எக்ஸ்பாக்ஸ் டிரைவை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கலாம். டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் எண் 2007-லேயே வெளியில் கசிந்து, டிக் (Digg) என்ற செய்திப் பகிர்வுத் தளத்தில் அதை நீக்க நீக்க மக்கள் மறுபடி மறுபடி போட்டுப் பெரிய கலாட்டாவானது. ஸ்டுடியோக்கள் அன்று அதை எதிர்த்து மல்லுக்கட்டின. இன்று அந்தப் படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக் காப்பாற்ற முடிவதே அப்படிப்பட்ட கசிவுகளால்தான். சட்டம் என்ன சொல்லும் என்பது வேறு விஷயம். மாற்றுவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். என்னிடம் உள்ள, ஒரு பக்கம் ஹெச்டி டிவிடியும் மறு பக்கம் டிவிடியுமாக வந்த டிஸ்க்குகளில் சில இப்போது பாதிப் படத்தில் நின்றுவிடுகின்றன. கீறல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ப்ளூ-ரேயில் என் அனுபவம் நேர்மாறு. நான் முதலில் வாங்கிய பிளேயர் எப்போதோ லென்ஸ் மங்கிக் குப்பைக்குப் போனது. அடுத்ததைச் சல்லிசாக வாங்கினேன், 2007-ல் வாங்கிய டிஸ்க் அதில் அப்படியே ஓடியது. இன்றைய 4கே பிளேயரிலும் ஓடும், டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் ஓடும். விளையாட்டுப் பெட்டிகள்தான் ப்ளூ-ரேயின் உயிர். பிளேஸ்டேஷன் 3 மட்டும் எட்டு கோடிக்கு மேல் விற்றது. அத்தனை பெட்டிகள் உலகில் இருந்தால் லென்ஸ் கிடைக்கும், பழுதுபார்க்கத் தெரிந்தவர் கிடைப்பார், செகண்ட் ஹேண்டில் இன்னொன்று கிடைக்கும். பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த வசதியும் சுருங்கிக்கொண்டு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்போ 2018-ல் பிளேயர் செய்வதை நிறுத்தியது. அடுத்த வருஷம் சாம்சங். நெட்ஃப்ளிக்ஸ் 2023-ல் தபால் வழி டிஸ்க் அனுப்புவதை நிறுத்தியது, 2024-ல் பெஸ்ட் பை கடையிலிருந்து படங்களையே எடுத்துவிட்டது. வெற்று ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது. சோனி, பானசோனிக் பிளேயர்கள் இன்னும் கிடைக்கின்றன, நம் ஊர்க் கடைகளில் அலைந்தால்தான் கண்ணில் படும். சேகரிப்பு இருப்பவர்கள் ஒரு உபரி பிளேயரை இப்போதே வாங்கிவைப்பது நல்லது. அமெரிக்க டிஸ்க்குகள் நிறைய இருந்தால் அந்த உபரி, ஏ ரீஜன் பிளேயராக இருக்கட்டும். வாங்குமுன் பின்பக்கம் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

4கே டிஸ்க்கில் ரீஜன் பூட்டே கிடையாது, அந்த வகையில் அது ஹெச்டி டிவிடியின் நல்ல குணத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் என்னிடம் இருப்பவை கொஞ்சம்தான், அவை எவ்வளவு காலம் தாங்கும் என்பதில் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பழைய ஹெச்டி டிவிடிப் பெட்டியை வாங்கலாமா என்றால், படங்களுக்காக வேண்டாம். பெரும்பாலான படங்கள் ப்ளூ-ரேயில் வந்துவிட்டன. டிவிடி ஓட்ட நல்ல பிளேயர் வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துத் தருகிறார்கள், விலையும் ஓர் ஆயிரத்துக்குள் என்றால் வாங்குங்கள். காசு கொடுக்குமுன் தட்டு ஒழுங்காக வெளியே வருகிறதா, ரிமோட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிஸ்க்கைப் பாதிப் படத்திலும் கடைசியிலும் ஓட்டச் சொல்லியும் பாருங்கள்.