பழைய கூலரா, புதிய கூலரா? மாட்டிப் பார்க்கும் முன் ஓர் அலசல்

கணினியின் ப்ராசஸரை மாற்றுகிறவர்கள், அதைக் குளிர்விக்கும் பழைய கூலரைக் காட்டி, "இது சூட்டைத் தாங்குமா?" என்று கேட்கிறார்கள். "இது உட்காருமா?" என்பதுதான் முதல் கேள்வி. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் எளிதில் கெடுவதில்லை. ப்ராசஸர் அமரும் சாக்கெட்டைச் சுற்றி, கூலரைத் திருகுவதற்கென்று உள்ள துளைகள்தாம் இடம் மாறுகின்றன.

இந்த வகையில் ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசஸர் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டின் துளை இடைவெளி, ஏஎம்4இல் இருந்த அதே 54 × 90 மி.மீ. ப்ராசஸரின் மூடியைத் தடிமனாக்கி, கூலர் அமரும் உயரத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரே சிக்கல், ஏஎம்5 மதர்போர்டின் பின்புறம் திருகுகளைத் தாங்கும் பின்தகடு சாக்கெட்டோடு பிணைந்தது; கழற்ற முடியாது. போர்டின் தகட்டிலேயே திருகிக்கொள்ளும் கூலர் அப்படியே இடம் மாறும். தனக்கென்று ஒரு பின்தகடு கேட்கும் கூலருக்குப் புதிய பிடிமானம் (போர்டில் பொருத்தும் சட்டமும் திருகுகளும்) வேண்டும்.

இன்டெல் அவ்வளவு தாராளமில்லை. எல்ஜிஏ 1156 சாக்கெட் தொடங்கி 1200 வரை மாறாதிருந்த 75 மி.மீ. இடைவெளியை, 2021இல் எல்ஜிஏ 1700 வந்தபோது 78 ஆக்கிவிட்டது. ப்ராசஸரின் மேற்பரப்பும் சற்றுத் தாழ்ந்தது. சில போர்டுகளில் பழைய அளவுத் துளைகளும் உண்டு. ஆனால் அவற்றில் மாட்டினால் அழுத்தம் போதாமல் போகலாம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கூலர் நிறுவனத்தின் புதிய பிடிமானத்தை வாங்குவதே சரி. நாக்டுவா போன்ற சில நிறுவனங்கள், வாங்கிய ரசீதைக் காட்டினால் இலவசமாகவே தருகின்றன. அடுத்து வந்த எல்ஜிஏ 1851 சாக்கெட்டுக்கும் அதே 78 மி.மீ. என்பதால் அந்தப் பிடிமானம் அங்கும் உதவும்.

உட்கார்ந்துவிட்டது என்றால், அடுத்தது சூடு. ஏஎம்டியின் ரைசன் 5 7600 போன்ற 65 வாட் ப்ராசஸருக்கு, தகடுகளை உயரமாக அடுக்கி விசிறி மாட்டிய பழைய கோபுரக் கூலர் தாராளம். பெட்டியிலேயே வரும் சிறிய ரெய்த் ஸ்டெல்த் கூலரைவிட அமைதியாகவும் ஓடும். உச்சத்தில் 253 வாட் இழுக்கும் இன்டெலின் கோர் ஐ9 13900கே என்றால் கதை வேறு: அங்கே புதிய பெரிய கூலருக்குத்தான் என் ஓட்டு. நடுவில் நிற்பது ரைசன் 9 7950எக்ஸ். அது 95 டிகிரியைத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டது, ஆகவே எண்ணைக் கண்டு பதற வேண்டாம். மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோடில் வாட்டைக் குறைத்தால் வேகம் கொஞ்சம் இறங்கும், சூடு நிறைய இறங்கும். பழைய கூலரே போதும்.

குழாய்களில் திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்கும் பழைய திரவக் கூலர் மட்டும் வேறு சாதி. அதன் பம்ப் தேயும். குழாய்ச் சுவர் வழியே திரவம் மெல்ல ஆவியாகும். பெரும்பாலானவற்றில் மறுபடி நிரப்பவும் வழியில்லை. கோபுரக் கூலரில் விசிறி பழுதானால் அதே அளவில் இன்னொரு விசிறியை மாட்டிவிடலாம். எனவே உத்தரவாதக் காலம் தாண்டிய திரவக் கூலரைப் பிடிமானம் இலவசமாகக் கிடைத்தாலும் புதிய ப்ராசஸரின் மேல் ஏற்ற மாட்டேன்.