40 அடி மோட்டார்ஹோமில் கிராமத்து கேம்ப்கிரவுண்ட் வாசம்

அமெரிக்க கிராமப்புற கேம்ப்கிரவுண்டுகளில் பெரிய மோட்டார்ஹோமோடு (வீட்டு வசதிகள் உள்ள வண்டி) மாதக்கணக்கில் தங்க நினைத்தால், மரநிழலைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டிக்கு மின்சாரம் தரும் கரண்ட் பெட்டியைப் பாருங்கள். தங்கல் சுகமா, சிரமமா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

50 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் லைன்கள் இரண்டு. மொத்தம் 12,000 வாட். 30 ஆம்ப்பில் ஒரே லைன், 3,600 வாட்தான். அடாப்டர் போட்டு 30-இல் ஓட்டலாம், ஆனால் ஒரு ஏசி, மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டர் மூன்றும் சேர்ந்தாலே பிரேக்கர் விழும். ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிட்டால் சமாளிக்கலாம்.

பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு பிளக் துளைகளைப் பாருங்கள். கருகியோ உருகியோ இருந்தால் வேறு இடம் கேளுங்கள். பிறகு சர்ஜ் புரொடெக்டரை (மின்சாரக் கோளாறிலிருந்து வண்டியைக் காக்கும் கருவி) மட்டும் செருகி, பிரேக்கரைப் போட்டு ரீடிங் பாருங்கள். நியூட்ரல் ஒயர் விட்டுப்போன 50 ஆம்ப் பெட்டியில் ஒரு லைனில் வோல்டேஜ் எகிறும், டிவியும் சார்ஜரும் நொடியில் போய்விடும். நல்ல புரொடெக்டர் இதைக் கண்டுபிடித்துத் துண்டித்துவிடும். கோடை மதியத்தில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது, பழைய ஒயரிங் உள்ள இடங்களில் வோல்டேஜ் 105-க்குக் கீழே இறங்குவதுண்டு. அப்போது கம்ப்ரஸர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகும். ஒரு ஏசியை நிறுத்திவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய கம்ப்ரஸரைப் பலி கொடுக்க வேண்டாம்.

பின்னால் கார் கட்டி இழுப்பவர்கள் முட்டுச்சந்துக்குள் நுழையுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். நான்கு சக்கரமும் தரையில் ஓட இழுக்கும் காரோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது. புல்தரையில் மழை பெய்திருந்தால் வண்டியைச் சமமாக நிறுத்தும் ஜாக்குக்கு அடியில் அகலமான பலகை வையுங்கள், இல்லாவிட்டால் ஜாக்கின் கால் புதைந்து, ராத்திரியோடு ராத்திரியாக வண்டி சாயும். பின்சக்கரங்களைத் தரையை விட்டுத் தூக்கவே கூடாது. பார்க்கிங் பிரேக் பிடிப்பது அவற்றில்தான்.

புதியவர்கள் அதிகம் தவறுவது கழிவுத் தொட்டியில். சாக்கடைக் குழாயோடு இணைத்தாயிற்றே என்று பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) வால்வைத் திறந்தே வைப்பார்கள். தண்ணீர் வடிந்துபோய், மலமும் காகிதமும் வால்வுக்கு நேரே குவியலாக இறுகிவிடும். பிறகு அதைக் கரைப்பது நாள்கணக்கான வேலை. மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் முதலில் பிளாக்கைத் திறந்துவிடுங்கள், அடுத்து கிரே டேங்கை (குளியல், சமையலறைத் தண்ணீர்). சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். செப்டிக் உள்ள இடங்களில் ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அது மக்கவைக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கிணற்றுத் தண்ணீருக்கு மண் வடிகட்டி கட்டாயம். பிரஷர் ரெகுலேட்டரை வண்டிப் பக்கம் மாட்டாமல் குழாய்ப் பக்கம் மாட்டினால் ஹோஸும் வெடிக்காமல் தப்பும்.