கம்பியா, அலைனரா: எது சீக்கிரம் முடியும்?

புது டெக்னாலஜியில் பல் சட்டென்று நேராகிவிடும் என்ற விளம்பரம் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு.

வேகம்: கம்பி இழுத்தாலும் அலைனர் (பல்லின் மேல் கழற்றி மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் உறை) தள்ளினாலும், ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர்ந்தால்தான் பல் நகரும். மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. லேசான பல் நெரிசலுக்கு அலைனர் சீக்கிரம் முடியலாம். பல் எடுத்து இடைவெளியை மூட வேண்டிய சிக்கலுக்குக் கம்பிதான் நம்பகமானது. அதிர்வுக் கருவி, செல்ஃப் லைகேட்டிங் பிராக்கெட் (ரப்பர் வளையம் இல்லாமல் தானே கம்பியைப் பிடித்துக்கொள்ளும், பல்லில் ஒட்டும் பிடி) போன்றவை சிகிச்சைக் காலத்தைப் பெரிதாகக் குறைப்பதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 3டி ஸ்கேன் நல்ல வசதி, குமட்டலோடு வாயில் பசை வைத்துப் பல் அச்சு எடுக்க வேண்டாம். ஆனால் மிச்சமாவது டாக்டரின் நேரம், எலும்பின் நேரம் அல்ல.

செலவு: உலோகக் கம்பி பொதுவாக மலிவு. அலைனர் கூடுதல்.

சாப்பாடு: கம்பியோடு முறுக்கு, கரும்பு கூடாது. அலைனரைக் கழற்றி வைத்துச் சாப்பிடலாம்.

சிரத்தை: அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். டீக்கு ஒரு தடவை, வடைக்கு ஒரு தடவை என்று கழற்றினால் காலம் நீளும். கம்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை, தேய்த்துச் சுத்தம் செய்வதுதான் பாடு.

மறதிக்காரப் பள்ளிப் பிள்ளைக்குக் கம்பி. லேசான பல் கோணலும், தவறாமல் போடும் ஒழுங்கும் உள்ள, வெளியே தெரியக் கூடாது என்கிற பெரியவர்களுக்கு அலைனர். அப்புறம், எதுவானாலும் முடிந்தபின் ரிடெய்னர் (பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் சாதனம்) போட்டே ஆக வேண்டும்.