ஓசூருக்கு எது வேண்டும்: சைட்டா, அடுக்குமாடியா, தொழிலாளர் விடுதியா?

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டசபையில் அறிவித்தார். அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்த நிலத்தின் விலைக்கு அது இன்னொரு காரணமானது. பாகலூர், பேரிகை, சூளகிரி பக்கம் ராகியும் ரோஜாவும் விளையும் நிலத்தை மனையாக்கும் வேகம் குறையவே இல்லை. இந்த நிலையில் மாநகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும், திட்ட அனுமதி தரும் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியும் எந்த வகை வீட்டுக்கு முதலில் வழிவிட வேண்டும்? நம் முன் இருப்பவை மூன்று: ஊருக்கு வெளியே மனைப்பிரிவு, ஊருக்குள் அடுக்குமாடி, ஆலைகளை ஒட்டி வாடகை விடுதி.

முதலில் சைட், அதாவது வீட்டுமனை. நம் ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் ஏன் இத்தனை பிரியம் என்பது புரிகிறது. 30க்கு 40 அடி அளவில் ஒரு மனை வாங்கிப் போட்டால், கையில் பணம் சேரச் சேரக் கட்டிக்கொள்ளலாம். கீழே நாம் குடியிருந்து மாடியை வாடகைக்கு விடலாம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை ஆன்லைனிலேயே அனுமதி பெற்றுக் கட்டலாம். சிறு குடும்பத்துக்கு இது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன்.

ஆனால் ஊரின் பக்கம் நின்று ஒரு ஏக்கரைக் கணக்குப் போடுவோம். ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கு மூன்றில் ஒரு பங்கு போய், பூங்கா போன்றவற்றுக்கான பொது ஒதுக்கீட்டு நிலமும் கழிந்தால் 1,200 சதுர அடியில் 20 மனை தேறும். அந்த இருபதிலும் உடனே வீடு எழும்பிவிடுவதில்லை. பெங்களூருக்காரர் ஒருவர் முதலீடாக வாங்கிப் போட்டால், வேலி போட்ட மனை வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். நடுவில் இருக்கும் நாலு வீட்டுக்காக மாநகராட்சி முழு நீளத்துக்கும் குழாய் பதித்து, விளக்குப் போட்டு, குப்பை வண்டி அனுப்ப வேண்டும். விளைநிலமும் போய், வீடும் வராத நிலை இது.

பொது ஒதுக்கீட்டு நிலத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்றவற்றுக்கு நிலமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் பணமாகக் கட்டிவிடலாம். பத்து ஏக்கரை இரண்டு இரண்டு ஏக்கராகத் துண்டுபோட்டு விண்ணப்பித்தால் பிள்ளைகள் விளையாட ஓர் இடமும் மிஞ்சாது. பக்கத்துப் பக்கத்துச் சர்வே எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு அனுமதி தருபவர்களுடையது.

அங்கீகாரமற்ற மனைகளின் கதையை மாவட்டமே அறியும். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. பணம் கட்டி வரன்முறை ஆவணம் வாங்கலாம். அதனால் தெரு அகலமாகிவிடாது, சாக்கடையும் தானாக வந்துவிடாது.

அடுத்து அடுக்குமாடி. உயரமில்லாக் கட்டட வகைக்கே எஃப்எஸ்ஐ 2, அதாவது நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்கு பரப்பு கட்டலாம். அதே ஒரு ஏக்கரில் 87,000 சதுர அடி கட்டலாம். 900 சதுர அடி வீடு என்றால் 90க்கு மேல் வரும். படிக்கட்டு, நடைபாதை எல்லாம் கழித்தாலும் 70க்குக் குறையாது. பாகலூர் சாலை, ராயக்கோட்டை சாலை போல ஏற்கெனவே பஸ் ஓடும் சாலைகளை ஒட்டிக் கட்டினால் புது நிலம் கேட்காது. எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம், வீடு-மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரேராவில் பதிவாக வேண்டும் என்பதும் வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

இதன் பலவீனம் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் திறக்கப்பட்டது. 70 குடும்பத்தை ஒரே இடத்தில் வைத்துவிட்டு போர்வெல்லையும் டேங்கரையும் காட்டுவது அநியாயம். குடிநீர் இணைப்பும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உறுதியாகாமல் குடிபுக விடக் கூடாது. கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் நுரை பொங்குவதைப் பார்த்த பிறகு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது வழிதான் அதிகம் பேசப்படாதது. திம்ஜேப்பள்ளி டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலும், அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் வளாக ஆலைகளிலும் வேலைக்கு வரும் வெளியூர்ப் பெண்களுக்கும் வடமாநில இளைஞர்களுக்கும் சைட்டும் வேண்டாம், ஃபிளாட்டும் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது வேலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு பாதுகாப்பான படுக்கை. அது கிடைக்காமல் நாலைந்து பேராக ஓர் அறையில் அடைகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்களுக்கும் வாடகை ஏறுகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 706.50 கோடி செலவு, அதாவது ஒரு படுக்கைக்கு 4 லட்சத்துக்கும் குறைவு. ஓசூரில் அந்தப் பணத்துக்கு நல்ல இடத்தில் கால் சைட்கூடக் கிடைப்பது கஷ்டம்.

ஊரிலிருந்து ஒதுங்கிய பெரிய விடுதி, பூட்டிய வளாகமாக மாறிவிடும் அபாயம் உண்டு. ஆயிரக்கணக்கான இளம்பெண்களை இரவு ஷிஃப்ட் முடிந்து ஆள் நடமாட்டமில்லாத சாலையில் இறக்கிவிட முடியாது. ஆகவே ஒரே இடத்தில் குவிக்காமல், தேன்கனிக்கோட்டை சாலை போன்ற பஸ் தடங்களில் ஆயிரம், இரண்டாயிரம் பேராகப் பிரித்துக் கட்டலாம்.

என் வரிசை இது: முதலில் விடுதி, அடுத்து ஊருக்குள் அடுக்குமாடி, கடைசியில்தான் புது மனைப்பிரிவு. ஆலைக்கு இடம் ஒதுக்கும்போதே தொழிலாளர் தங்க இடமும் ஒதுக்கச் சொல்லலாம். வேளாண் நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டு வருபவரிடம், அதே பக்கத்தில் ஏற்கெனவே அனுமதித்த மனைகளில் எத்தனையில் வீடு எழும்பியிருக்கிறது என்ற கணக்கை முதலில் வைக்கச் சொல்ல வேண்டும். பாதி மனைகூட நிரம்பாத இடத்தில் புது லேஅவுட்டுக்கு என்ன அவசரம்? எந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று நிறம் பிரித்துக் காட்டும் முழுமைத் திட்ட வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் சட்டமே தருகிறது. உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கிறது, பக்கத்து ஏரியின் நீர்வரத்துக் கால்வாய் வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அவகாசத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.