ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க: ஊசியா, கஷாயமா, விரல் அழுத்தமா?

போன வருடம் எனக்கு மாதத்தில் எட்டு ஒன்பது நாள் ஒற்றைத் தலைவலி. வலி வந்ததும் போடுகிற டிரிப்டான் வகை மாத்திரையை மாதத்தில் 10 நாள், அதற்கு மேல் என்று சில மாதம் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வராமல் தடுக்கப் பலருக்கும் கொடுக்கிற புரோப்ரனோலால் மாத்திரை ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகாது, எனக்கு ஆஸ்துமா உண்டு. சிங்கப்பூரில் அடுத்த தெருவிலேயே சின்சே, அதாவது சீன மருத்துவர், இருக்கும்போது போய்த்தான் பார்ப்போமே என்று போனேன். அங்கே மூன்று வழி சொன்னார்கள்: மெல்லிய ஊசிகளைக் குத்துகிற அக்குபங்சர், மூலிகைக் கஷாயம், விரல் அழுத்தம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது நான் ஊசியின் பக்கம்.

விரல் அழுத்தத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்கிற இடத்தில் மேடாக நிற்கும் சதைக்கு ஹெகு என்று பெயர். பின்மண்டைக்குக் கீழே கழுத்தின் இரண்டு பக்கமும் உள்ள குழி ஃபெங்ச்சி. இரண்டையும் அழுத்திப் பிடித்தால் எம்ஆர்டி ரயிலில் வலி கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் இதமாக இருக்கிறது, காசும் இல்லை. ஆனால் எனக்கு வலி வருவது அதனால் குறையவில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் ஹெகுவை அழுத்த வேண்டாம் என்பது சீன மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்கிற எச்சரிக்கை.

கஷாயத்தை நான் மூன்று வாரம்தான் குடித்தேன், அதனால் அதன் பலனைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். சின்சே நாக்கைப் பார்த்து, இரண்டு கையிலும் நாடி பிடித்து, வலி எங்கே என்று கேட்பார். நெற்றியா, பொட்டா, பிடரியா, உச்சியா என்பதை வைத்து மூலிகை மாறும். தலைவலி என்றாலே சுவான்சியோங் என்ற வேரைச் சொல்வார்கள். அதை முதன்மையாக வைத்து எட்டு மூலிகை சேர்க்கும் சுவான்சியோங் சா தியாவ் சான் சோங் அரச காலத்து மருந்து நூலிலேயே இருக்கிறது, தேநீரோடு குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்தது வேறு கலவை. மண்சட்டியில் ஊறவைத்து, காய்ச்சி வடித்து, மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்ச வேண்டும், வீடு முழுக்க அந்தக் கசப்பு வாசம் நிற்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வெந்நீரில் கலக்கிற பொடியும் கிடைக்கிறது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. தலைவலித் தடுப்பு ஒரு வாரத்து வேலை இல்லை, மாதக்கணக்கில் போகும், ஆகவே எதை என்னால் அத்தனை நாள் விடாமல் செய்ய முடியும், நிறுத்தினால் எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. கஷாயம் தினமும் இரண்டு வேளை. உடம்பு மாற மாறக் கலவையை மாற்றணும் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். அதோடு உள்ளே என்ன போகிறது என்ற கவலையும் உண்டு. மேலே சொன்ன எட்டில் ஒன்றான சிசின் அரிஸ்டலோகிக் அமிலம் உள்ள குடும்பத்துச் செடி, அந்த அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது இந்த அமிலத்தால்தான். சீன அரசின் மருந்து நூலே 2005இல் சிசினில் வேர்ப்பகுதியை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று மாற்றியது. சான்று பெற்ற இடத்தில் வாங்கினால் பயம் குறையும், சரி, ஆனால் மாதக்கணக்கில் குடிக்கிற பொருள் என்றால் நான் யோசிப்பேன்.

ஊசி வாரம் ஒருமுறை, மொத்தம் பத்து தடவை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு சொல்வதும் 10 தடவை வரைதான், ஆனால் 5 முதல் 8 வாரத்துக்குள். ஹெகுவில் ஊசி இறங்கும்போது சுருக்கென்று இருந்தது அரை நொடிதான், அப்புறம் புறங்கை முழுக்கக் கனமாக ஒரு இழுப்பு, உள்ளங்கைக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. அந்த இழுப்பு வந்துவிட்டதா என்றுதான் சின்சே ஒவ்வொரு ஊசிக்கும் கேட்டார். இருபத்தைந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்தேன். ஆறாவது வாரத்திலிருந்து நாட்காட்டியில் தலைவலி நாளுக்கு நான் போடும் சிவப்பு வட்டம் குறைந்தது, இப்போது மாதம் மூன்று. பத்து முடிந்த பிறகு மாதம் ஒருமுறைதான் போகிறேன், ஒரு தடவைக்கு 50 வெள்ளி, வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஆராய்ச்சியையும் உள்ளபடி சொல்லணும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2016இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஊசி போட்டவர்களில் 50 சதவீதம் பேருக்குத் தலைவலி பாதியாகக் குறைந்தது, ஒப்பிடுவதற்காகப் பேருக்குக் குத்தும் போலி ஊசி போட்டவர்களில் 41 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் சிறியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அப்படியே நின்றது. தடுப்பு மாத்திரைகளோடு ஒப்பிட்டபோது மூன்றாம் மாதத்தில் ஊசிக்கு 57 சதவீதம், மாத்திரைக்கு 46 சதவீதம் என்று ஊசி முன்னே இருந்தது, ஆறாம் மாதத்தில் இடைவெளி சுருங்கிவிட்டது. எனக்குக் குறைந்ததில் எவ்வளவு ஊசியால், எவ்வளவு வாரம் ஒருமுறை அமைதியாகப் படுத்ததால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஊசி என்றாலே மயக்கம் வருகிறவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். சிங்கப்பூரில் சின்சேக்கள் பதிவு செய்திருக்க வேண்டும், பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று மண்டை பிளக்கிற வலியோ, கை கால் மரத்துப்போவதோ வந்தால் சின்சேயிடம் போக வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.